உயில் வச்சு வம்சாவளி தேடறது எப்படி? வர்ஜீனியா வாஷிங்டன் குடும்பத்த வச்சு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியா இருந்தப்ப அங்க வாழ்ந்த குடும்பங்களோட வம்சாவளிய எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு கேக்கறவங்க நிறைய பேர். பதில் பெரும்பாலும் ஒண்ணு தான்: உயில். அதுவும் நாலு தலைமுறை உயில வரிசையா வச்சு படிச்சா தான் குடும்பம் புரியும், ஒரு உயில மட்டும் படிச்சா தப்பா தான் புரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச குடும்பமா இருக்கணும்னு ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தயே உதாரணமா எடுத்துக்கறேன்.

பிறப்பு இறப்பு பதிவு பாத்தா போதாதா, உயில் எதுக்கு?

போதாது, ஏன்னா அந்த பதிவே பெருசா கிடையாது. வர்ஜீனியா முழுக்க பிறப்பு இறப்ப அரசாங்கம் பதிவு பண்ண ஆரம்பிச்சதே 1853-ல தான். அதுக்கு முன்னாடி சர்ச் ரெஜிஸ்டர் மட்டும் தான், அதுலயும் நிறைய பாரிஷ் ரெஜிஸ்டர் தொலைஞ்சு போச்சு. ஆனா நிலம்னு ஒண்ணு இருந்தா அது யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு நிரூபிச்சே ஆகணும், அதனால கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கோர்ட்ல உயில மொத்தமா ஒரு புக்ல பாத்து எழுதி வச்சுக்குவாங்க. குழந்தை பொறந்தத எழுத மறந்தவங்க கூட நிலத்த எழுத மறக்கல. நம்ம ஊர்ல வீடு வாங்கறப்ப வில்லங்கம் போட்டு பாக்கறோமே, அதே மாதிரி ஒரு நிலத்த பின்னாடி பின்னாடி தொரத்திட்டு போனா பழைய ஓனருங்க வரிசையா வருவாங்க, அந்த வரிசையில தான் குடும்பமே ஒளிஞ்சிருக்கு.

அப்படி ஒரு நிலத்த தொரத்தி காட்ட முடியுமா?

தாராளமா. மவுன்ட் வெர்னன், வாஷிங்டனோட வீடு, அதையே எடுத்துக்குவோம். இந்த குடும்பத்துல வர்ஜீனியாவுக்கு முதல்ல வந்தவர் ஜான் வாஷிங்டன், இங்கிலாந்துல வேலை பறிபோன ஒரு பாதிரியாரோட பையன், 1657 வாக்குல வந்து நத்தானியேல் போப்னு ஒரு பெரிய நிலக்காரரோட பொண்ணு ஆன்-ஐ கட்டிக்கிட்டார், மாமனார் 700 ஏக்கர் குடுத்தார். அவரோட பையன் லாரன்ஸ். லாரன்ஸ் 1698-ல இறந்தப்ப உயில்ல லிட்டில் ஹன்ட்டிங் க்ரீக்ங்கற 2,500 ஏக்கர தன் பொண்ணு மில்ட்ரெட் பேர்ல எழுதினார். பையனுக்கு இல்ல, பொண்ணுக்கு. 1726-ல அந்த மில்ட்ரெட்கிட்டேருந்து அவங்க அண்ணன் அகஸ்டின் 180 பவுண்ட் குடுத்து வாங்கினார். இங்க பாருங்க, இந்த விலைப் பத்திரம் மட்டும் கைல கிடைச்சா மில்ட்ரெட் கிரெகரின்னு யாரோ ஒரு அம்மா நிலத்த வித்திருக்காங்கன்னு தான் தெரியும், கல்யாணம் ஆகி பேரு மாறிடுச்சே. 1698 உயிலயும் பக்கத்துல வச்சா தான் அண்ணன் தங்கச்சின்னு புரியும்.

அகஸ்டின் தான் ஜார்ஜோட அப்பா. அவர் 1743 ஏப்ரல் 11 உயில் எழுதி மறுநாளே இறந்துட்டார். முதல் தாரத்து மூத்த பையன் லாரன்ஸுக்கு (தாத்தா பேரு தான்) அந்த நிலம் போச்சு, ரெண்டாவது பையன் அகஸ்டினுக்கு வெஸ்ட்மோர்லேண்ட் கவுன்ட்டி நிலம், ரெண்டாம் தாரத்து மூத்த பையனான 11 வயசு ஜார்ஜுக்கு ராப்பஹானக் ஆத்தங்கரையில இருந்த, இப்ப ஃபெர்ரி ஃபார்ம்னு சொல்ற பண்ணை. லாரன்ஸ் தன் பங்குக்கு அட்மிரல் வெர்னன் பேர வச்சார், ஏன்னா அவர் கீழ கரீபியன் பக்கம் போருக்கு போய் வந்தவர்.

அப்புறம் அது ஜார்ஜுக்கு எப்படி வந்துச்சு? நேரா அண்ணன்கிட்டேருந்து தம்பிக்கா?

இல்ல, இங்க தான் சுவாரஸ்யம். லாரன்ஸ் 1752-ல காசநோய்ல இறந்தார். உயில்ல மனைவி ஆன் ஃபேர்ஃபேக்ஸுக்கு ஆயுசு வரைக்கும் அனுபவ பாத்தியதை, அவங்களுக்கு அப்புறம் பொண்ணு சாராவுக்கு, சாரா வாரிசில்லாம போனா தம்பி ஜார்ஜுக்கு. சாரா 1754-ல குழந்தையாவே இறந்து போச்சு. ஆன் அதுக்குள்ள ஜார்ஜ் லீன்னு ஒருத்தர கட்டிக்கிட்டு போயிட்டாங்க. ஆனா பாத்தியதை அவங்க கைல தான். அதனால ஜார்ஜ் வாஷிங்டன் 1754 டிசம்பர்ல தன் சொந்த அண்ணன் வீட்ட அண்ணிகிட்டயும் அவங்க புது வீட்டுக்காரர்கிட்டயும் வாடகைக்கு எடுத்தார், வருஷத்துக்கு 15,000 பவுண்ட் எடை புகையிலை வாடகை. 1761-ல அண்ணி இறந்த அப்புறம் தான் அது அவருக்கு முழுசா சொந்தம்.

ஒரு குத்தகைப் பத்திரத்துல "லீ"ன்னு சம்பந்தமே இல்லாத பேரு வந்தா ஒதுக்கிடாதீங்க. அந்த பேருக்கு பின்னாடி பெரும்பாலும் ஒரு விதவையோட மறு கல்யாணம் இருக்கும்.

பொம்பளைங்கள கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டமா இருக்கே, என்ன பண்றது?

கஷ்டம் தான், நியாயமான கேள்வி. கல்யாணம் ஆனவங்க புருஷன் சம்மதம் இல்லாம உயில் எழுத முடியாது, அதனால அப்பா உயில்ல ஒரு தடவ, புருஷன் உயில்ல ஒரு தடவ, அவ்ளோ தான் தலைய காட்டுவாங்க. விதவையானா தான் சொந்தமா எழுத முடியும், அதனால விதவைங்க உயில் கிடைச்சா விடாதீங்க.

ஜார்ஜோட பாட்டி, அதாவது அம்மாவோட அம்மா, மேரி. ஜான்சன்ங்கற பேர்ல விதவையா இருந்தவங்க ஜோசப் பாலை கட்டிக்கிட்டாங்க, அவர் 1711-ல போனதும் ஹியூஸ்னு ஒருத்தர கட்டிக்கிட்டாங்க. ஒரே ஆளு, மூணு குடும்பப் பேரு. ஜோசப் பாலோட உயில்ல சின்னப் பொண்ணு மேரிக்கு (இவங்க தான் ஜார்ஜோட அம்மா) 400 ஏக்கர், மாடுங்க, மூணு அடிமைங்க, அப்புறம் ஒரு மெத்தைக்கு வேணுங்கற இறகு. 1721-ல இறந்த பாட்டியோட உயில்ல அதே பொண்ணுக்கு ரெண்டு தங்க மோதிரம், பொம்பளைங்க குதிரையில உக்காந்து போற ஒரு சேணம், இப்படி போகுது. பொண்ணு மேஜர் ஆகற வரைக்கும் ஜார்ஜ் எஸ்க்ரிட்ஜ்ங்கறவர் பொறுப்புல இருக்கணும்னும் அதுல இருக்கு. அந்த எஸ்க்ரிட்ஜ் பேர தான் பின்னாடி பையனுக்கு ஜார்ஜ்னு வச்சாங்கன்னு பரவலா நம்பறாங்க, ஏன்னா வாஷிங்டன் குடும்பத்துல அதுவரைக்கும் ஜான், லாரன்ஸ், அகஸ்டின் தான் திரும்ப திரும்ப வரும். குடும்பத்துல இல்லாத பேரு திடீர்னு வந்தா கார்டியன், சாட்சி, எக்ஸிக்யூட்டர் (உயில நிறைவேத்தற பொறுப்புல இருக்கறவர்) லிஸ்ட்ட பாருங்க.

அந்த லாரன்ஸ் (1698-ல போனவர்) வீட்டுலயும் இதே கதை. அவர் விதவை மில்ட்ரெட் வார்னர், ஜார்ஜ் கேல்ங்கற வியாபாரிய கட்டிக்கிட்டு பிள்ளைங்கள கூட்டிட்டு இங்கிலாந்துல ஒயிட்ஹேவனுக்கு போயிட்டாங்க, போன கொஞ்ச நாள்லயே பிரசவத்துக்கு அப்புறம் இறந்தும் போயிட்டாங்க. தன் உயில்ல பிள்ளைங்க பொறுப்ப கேல்கிட்ட விட்டாங்க. வர்ஜீனியாவுல லாரன்ஸோட பெரியப்பா சித்தப்பா வழி சொந்தக்காரர் ஒருத்தர், அவர் தான் உயிலுக்கு எக்ஸிக்யூட்டர், கோர்ட்டுக்கு போய் 1704-ல பசங்கள திரும்ப வர வச்சார். அந்த வழக்கு நடக்கலன்னா அகஸ்டின் இங்கிலாந்துக்காரராவே வளந்திருப்பார். இத படிக்கறப்பெல்லாம் எனக்கு தோணும், உயில விட உயில் மேல நடந்த சண்டைல தான் தகவல் ஜாஸ்தி, ஏன்னா ரெண்டு தரப்பும் உறவு முறைய நிரூபிச்சாகணும்.

உயில்ல ஒரு பையன் பேரு இல்ல. அப்ப அந்த பையனே இல்லன்னு அர்த்தமா?

இல்லவே இல்ல. கல்யாணத்தப்பவோ தொழில் வைக்கறப்பவோ முன்னாடியே பங்கு குடுத்து முடிச்சிருப்பாங்க, அதனால உயில்ல பேரு வராது. இன்னொரு காரணம் சட்டம். வர்ஜீனியாவுல உயில் எழுதாம இறந்தா நிலம் முழுக்க மூத்த பையனுக்கு தான் போகும், 1785-ல தான் அத மாத்தி சட்டம் போட்டாங்க. மூத்தவனுக்கு எப்படியும் வரும்னு விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் எழுதின உயிலும் உண்டு. பரம்பரைக்குன்னு கட்டிப்போட்ட நிலமும் இருந்துச்சு, அத யாரும் உயில்ல இஷ்டத்துக்கு மாத்தி எழுத முடியாது, அந்த முறைய 1776-ல தான் எடுத்தாங்க.

குழந்தையே இல்லாதவங்க உயில் வம்சாவளிக்கு எதுக்கு உதவும்?

அவங்க உயில தான் முதல்ல தேடணும். குழந்தை இருந்தா குழந்தைக்கு எழுதிட்டு முடிச்சிடுவாங்க, இல்லாதவங்க அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி பிள்ளைங்க, அவங்க பிள்ளைங்கன்னு எல்லாரையும் எழுதுவாங்க. ஜார்ஜ் வாஷிங்டன் 1799 ஜூலை 9 எழுதின உயில் தன் கையால எழுதின 29 பக்கம், ஒரு வக்கீல கூட கூப்பிடல. மனைவி மார்த்தாவுக்கு ஆயுசு வரைக்கும், அப்புறம் மவுன்ட் வெர்னன் வீடு தம்பி ஜான் அகஸ்டினோட பையன் புஷ்ராடுக்கு, மீதி சொத்த 23 பங்கா போட்டு உறவுக்காரங்களுக்கு பிரிச்சார். செத்துப்போன தம்பியோட பிள்ளைங்க, அக்கா மகன், தங்கச்சி மகள்னு யாரு யாரோட பிள்ளைன்னு அவரே எழுதி வச்சிருக்கார்.

ஒரு சின்ன விஷயம். அவ்ளோ கவனமான மனுஷன், கடைசில தேதி எழுதறப்ப வருஷத்த எழுத்துல 1790-ன்னு எழுதிட்டார், கடைசி ஒன்பத விட்டுட்டார். அதனால தேதிய மட்டும் நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க, கோர்ட்ல எப்ப தாக்கல் ஆச்சுன்னும் பாருங்க. அது 1800 ஜனவரி 20.

உயிலே எழுதாம இறந்துட்டா என்ன பண்றது?

சில சமயம் அது தான் நல்லது. மார்த்தாவோட முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல உயில் எழுதாம இறந்தார், கிட்டத்தட்ட 18,000 ஏக்கர் சொத்து. உயில் இல்லன்னா கோர்ட் ஆள விட்டு ஒவ்வொரு பொருளா கணக்கெடுக்க சொல்லும், அதுக்கு பேரு இன்வென்டரி. அதுக்கப்புறம் யாருக்கு எவ்ளோன்னு பாகம் பிரிக்கற கணக்கு. நிலத்துலயும் அடிமைங்கள்லயும் விதவைக்கு மூணுல ஒரு பங்கு, அதுவும் ஆயுசு வரைக்கும் தான், அவங்க அத விக்கவோ வேற யாருக்கும் எழுதவோ முடியாது, மீதி நிலம் பையன் ஜாக்கிக்கு, மத்ததுல பொண்ணு பாட்சிக்கும் பங்கு. 1759-ல மார்த்தா ஜார்ஜ கட்டிக்கிட்டதும் அவர் அந்த பிள்ளைங்களுக்கு கார்டியன் ஆகி வருஷா வருஷம் கோர்ட்ல கணக்கு குடுத்தார். 1773-ல பாட்சி 17 வயசுல வலிப்பு வந்து இறந்தப்ப அவ பங்கு எப்படி பிரிஞ்சுச்சுன்னு கூட கணக்கு இருக்கு.

கஸ்டிஸ் குடும்பத்துல எல்லார் பேர்லயும் நடுவுல "பார்க்"னு வருதே, ஏன்?

அதுவும் ஒரு உயில் தான்! டேனியல் பார்க்னு ஒருத்தர், கரீபியன்ல இருக்கற லீவர்ட் தீவுகளோட கவர்னர், 1710 டிசம்பர்ல ஆன்டிகுவாவுல ஜனங்க கலகம் பண்ணி அவர அடிச்சே கொன்னுட்டாங்க. அவர் உயில்ல சொத்து வேணும்னா பார்க்ங்கற பேர வச்சுக்கணும்னு நிபந்தனை. வர்ஜீனியா, இங்கிலாந்து சொத்து பொண்ணு ஃபிரான்சஸுக்கு, அவங்க தான் ஜான் கஸ்டிஸ கட்டினவங்க, மார்த்தாவோட முதல் கணவர் இவங்க பையன். ஆன்டிகுவா சொத்து மொத்தமும் லூசி செஸ்டர்னு ஒரு குழந்தைக்கு, அது அங்க வேற ஒரு பொம்பளைக்கு அவருக்கு பொறந்தது. இதுல குழம்ப வேண்டிய இடம், ஊர்ல கட்டின மனைவிக்கு பொறந்த இன்னொரு பொண்ணும் லூசி தான், வில்லியம் பேர்ட கட்டினவங்க. ஒரு அப்பாவுக்கு ரெண்டு லூசி. ஆன்லைன் வம்சாவளி மரத்துல ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட வாய்ப்பு ஜாஸ்தி, உயில படிச்சா தான் பிரிக்க முடியும்.

ஆன்டிகுவா லூசிய கட்டினவர் டன்பர், பேர டன்பர் பார்க்னு மாத்திக்கிட்டார், பார்க்கோட கடன வர்ஜீனியா வாரிசுங்க தான் அடைக்கணும்னு அந்த பக்கம் போட்ட வழக்கு பல வருஷம் இழுத்து, மார்த்தா மறு கல்யாணம் பண்ற காலம் வரைக்கும் அந்த குடும்பத்து தலைமேல தொங்கிட்டே இருந்துச்சு.

கல்யாணத்துக்கு வெளிய பொறந்த பிள்ளைங்கள உயில்ல எழுதுவாங்களா?

லூசி ஒரு உதாரணம். இன்னொண்ணு ஜான் கஸ்டிஸ். அவருக்கு ஆலிஸ்ங்கற அடிமைப் பொண்ணு மூலமா ஜாக்னு ஒரு பையன், அவன விடுதலை பண்ணி, 1749 உயில்ல அவனுக்கு வீடு கட்டித் தரணும், உள்ள என்னென்ன சாமான் இருக்கணும்னு எழுதி வச்சார். ஜாக் 1751-லயே இறந்துட்டான். "மகன்"னு வெளிப்படையா எழுதற வழக்கம் அப்ப கம்மி, அதனால காரணமே சொல்லாம யாருக்காவது ரொம்ப விவரமா, ரொம்ப அன்பா எழுதியிருந்தா நின்னு யோசிங்க.

அடிமைகளா இருந்தவங்களோட குடும்பத்த இந்த ஆவணங்கள்ல தேட முடியுமா?

முடியும், இத சொல்லாம இந்த பக்கத்த முடிக்கவே கூடாது. வெள்ளைக்காரங்க வம்சாவளிக்கு உயில் ஒரு ஆதாரம், கறுப்பினத்தவங்களுக்கு பல சமயம் அது ஒண்ணே ஆதாரம், ஏன்னா அவங்க பேரு வேற எங்கயும் எழுதப்படல. 1705 சட்டப்படி வர்ஜீனியாவுல வாரிசுரிமை விஷயத்துல அவங்கள நிலம் மாதிரி தான் கணக்கு வச்சாங்க. ஜார்ஜோட அம்மா மேரி 1788-ல எழுதின உயில்ல பையனுக்கு ஸ்டாஃபர்ட் கவுன்ட்டி நிலம், ஜார்ஜ்ங்கற கறுப்பின பையன், அப்புறம் நல்ல கட்டில் மெத்த, நீலமும் வெள்ளையுமான போர்வை, முகம் பாக்கற கண்ணாடி. ஒரே மூச்சுல. அந்த பையன் ஜார்ஜோட அம்மா அப்பா யாருன்னு எழுத யாருக்கும் தோணல.

வாஷிங்டன் 1799-ல மவுன்ட் வெர்னன்ல இருந்த அடிமைகள் எல்லார் பேரையும் எழுதினார். எந்த பண்ணை, என்ன வேலை, யாரு யாரோட புருஷன் பொண்டாட்டி, எந்த பிள்ளை யாரோடது, எல்லாம் அதுல இருக்கு. மொத்தம் 317 பேர். அதுல 123 பேர் அவருக்கு சொந்தம், 153 பேர் அந்த கஸ்டிஸ் சொத்துல மார்த்தாவுக்கு வந்த மூணுல ஒரு பங்கு, மீதி பேர் பெரும்பாலும் வேற ஒருத்தர்கிட்டேருந்து வாடகைக்கு எடுத்தவங்க. தன்னோட 123 பேரையும் மார்த்தா காலத்துக்கு அப்புறம் விடுதலை பண்ணணும்னு உயில்ல எழுதினார், தனக்கு பணிவிடை செஞ்ச வில்லியம் லீங்கற அடிமைக்கு மட்டும் உடனே விடுதலையும் வருஷத்துக்கு 30 டாலரும். மார்த்தா காத்திருக்காம 1801 ஜனவரி 1 அவங்கள விடுவிச்சாங்க.

ஆனா அந்த 153 பேர விடுதலை பண்ண ரெண்டு பேருக்குமே சட்டப்படி உரிமை கிடையாது. ரெண்டு பக்கமும் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரே குடும்பமா வாழ்ந்திருந்தாங்க, அதனால புருஷன் சுதந்திரமா வெளிய போக, பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அடிமையாவே நின்னாங்க. 1802-ல மார்த்தா இறந்ததும் அந்த பங்கு நாலு பேரப் பிள்ளைங்களுக்கு பிரிஞ்சு நாலு திசைக்கு போச்சு. 1757-ல ஒருத்தர் உயில் எழுதாம போனதோட விளைவு 45 வருஷம் கழிச்சு வேற யாரோட குடும்பத்தயோ உடைச்சுது. இவங்களோட வம்சாவளிய தேடறவங்க வாஷிங்டன் உயிலோட நிக்காம கஸ்டிஸ் பாகப்பிரிவினைய பாத்தே ஆகணும்.

தேதில ரெண்டு வருஷம் போட்டிருக்கு, 1731/32-ன்னு. எது சரி?

ரெண்டும் சரி. 1752 வரைக்கும் இங்கிலாந்துலயும் காலனிகள்லயும் புது வருஷம் மார்ச் 25 தான் பொறக்கும், 1752-ல காலண்டர மாத்தினப்ப தேதியும் 11 நாள் தள்ளிப்போச்சு. ஜார்ஜ் பொறந்தது அந்த கணக்குல 1731/32 பிப்ரவரி 11, இப்ப நாம சொல்றது 1732 பிப்ரவரி 22.

உறவுமுறை வார்த்தைங்கள அப்படியே எடுத்துக்கலாமா?

கூடாது. "கசின்"னா அண்ணன் மகனா கூட இருக்கலாம், "சன் இன் லா"ன்னா மனைவியோட முதல் தாரத்து பையனா கூட இருக்கலாம். "ஜூனியர்"னா பையன்னு கட்டாயம் இல்ல, அதே ஊர்ல அதே பேர்ல இருக்கற சின்னவர், அவ்ளோ தான். "இப்போதைய மனைவி"ன்னு எழுதியிருந்தா முதல் மனைவி இருந்தாங்கன்னு அர்த்தம் கிடையாது, இந்த மனைவிக்கு மட்டும் தான் குடுக்கறேன்னு வக்கீல் பாணில சொல்றது. அப்பா போயிட்டா அம்மா உயிரோட இருந்தாலும் கோர்ட் புக்ல "அனாதை" தான்.

கோர்ட் ஆவணமே எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க, அப்புறம்?

வர்ஜீனியாவுல இது பெரிய தலைவலி. கஸ்டிஸ் வீடு இருந்த நியூ கென்ட் கவுன்ட்டி ஆபீச 1787-ல ஜான் ப்ரைஸ் போசிங்கறவர் கொளுத்தினார், அதுக்காக அவர தூக்குலயும் போட்டாங்க. பத்திரமா இருக்கும்னு ரிச்மண்டுக்கு அனுப்பின பல கவுன்ட்டி புக்குங்க 1865 ஏப்ரல்ல ஊரே பத்திக்கிட்டப்ப போச்சு. மார்த்தாவோட உயில உள்நாட்டுப் போர்ல ஒரு ராணுவ அதிகாரி ஃபேர்ஃபேக்ஸ் கோர்ட்லேருந்து எடுத்துட்டு போக, அது கடைசில ஜே.பி. மார்கன் கைக்கு போய், வர்ஜீனியா கேஸ் போட்டு 1915-ல திரும்ப வந்துச்சு.

அதனால எரிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு கவுன்ட்டில நிலம் இருந்தா இன்னொரு கவுன்ட்டில நகல் இருக்கலாம், வழக்கு நடந்திருந்தா அதுல இணைச்சிருப்பாங்க, குடும்பத்து பெட்டில கூட கிடக்கும். நியூ கென்ட் எரிஞ்சும் கஸ்டிஸ் சொத்துக் கணக்கு தப்பிச்சது குடும்ப காகிதங்களால தான், இப்ப ரிச்மண்ட்ல வர்ஜீனியா மியூசியம் ஆஃப் ஹிஸ்டரி அண்ட் கல்ச்சர்ல இருக்கு.

வீட்ல உக்காந்தே எங்க பாக்கலாம்?

ஃபேமிலிசர்ச் தளத்துல நிறைய கவுன்ட்டி உயில் புக் படமாவே இருக்கு, இலவசம், அக்கவுன்ட் மட்டும் போதும். இன்டெக்ஸ்ல பேரு வரலன்னா நிறுத்தாதீங்க, புக்க பக்கம் பக்கமா திருப்புங்க, சாட்சிங்க பேரும் அடிமைங்க பேரும் பெரும்பாலும் இன்டெக்ஸ்ல வராது. வாஷிங்டன் குடும்ப ஆவணங்கள்னா ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்ங்கற தளம். எந்த கவுன்ட்டில எது எரிஞ்சுதுன்னு லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா லிஸ்ட் வச்சிருக்கு, தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துடுங்க.

மெட்ராஸ்ல இருந்த கம்பெனி வெள்ளைக்காரங்க குடும்பத்துக்கும் இதே வழி தானா?

வழி அதே தான், இடம் வேற. 1726 சாசனத்துக்கு அப்புறம் வந்த மேயர் கோர்ட்ல ப்ரொபேட் ஆகும் (உயில் செல்லும்னு கோர்ட் உறுதி பண்றது), நகல் லண்டனுக்கு போகும், அது பிரிட்டிஷ் லைப்ரரியோட இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ல இருக்கு. இங்கிலாந்துல சொத்து இருந்தவங்க உயில் கேன்டர்பரி சர்ச் கோர்ட்ல, 1858 ஜனவரி வரைக்கும், அந்த புக்குங்க லண்டன்ல கியூ (Kew)ங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல. ஃபிபிஸ்ங்கற பிரிட்டிஷ் இந்தியா குடும்பங்கள் சங்கம் இலவசமா இன்டெக்ஸ் போட்டிருக்கு. இங்கயும் விதவை மறு கல்யாணம் தான் சாவி. பின்னாடி மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேல் 1680-ல கோட்டைக்குள்ள செயின்ட் மேரிஸ் சர்ச்ல கட்டிக்கிட்டது ஜோசப் ஹின்மர்ஸோட விதவை காத்தரினை, அதனால யேல் குடும்பத்த தேடினா ஹின்மர்ஸ் பேரையும் சேத்தே தேடுங்க.